உப்பு ஒரு கை, யானை ஒண்ணு

ஏலே பேரப்பிள்ள, நீ போன்ல பேசினதை உங்க ஆச்சி ஒத்தைக் காதால கேட்டுட்டு அன்னைக்கே அரிவாளைத் தீட்டிட்டா. "பேரன் ஆபீஸ் ஆளுவளோட ராத்திரி வேட்டைக்கு வாரானாம், முயல் கறிக்கு மசாலா அரைக்கணும்"னு நிக்கா. முயலுக்கெல்லாம் 1972லயே சட்டம் வந்துட்டு, கையை வச்சா வனத்துறைக்காரன் நம்மளை வேட்டையாடிருவான்னு சொல்லி அடக்கி வச்சிருக்கேன். நீ சொன்னது வேற வேட்டைன்னு பொறவு உன் தங்கச்சிதான் வெளங்க வச்சா. இருட்டுல ஆளுக்கொரு பட்டியலைக் குடுத்து, அதுல உள்ள சாமானை எந்தக் கூட்டம் முதல்ல தேடிக் கொண்டாருதோ அதுக்குப் பரிசாம். எங்க காலத்துல இருட்டுக்குள்ள சாமான் தேடுனவனுக்கு வேற பேரு இருந்துச்சு. பிடிச்சுப் புளியமரத்துல கட்டி வச்சாவ. இப்ப அதுக்குக் கம்பெனி சம்பளமும் குடுத்து, பஸ்ஸும் வச்சு அனுப்புது. காலம் நல்லாத்தான் இருக்கு.

நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுதா. எழுத்துப்பிழை இருந்தா அவ கணக்கு, வம்பு இருந்தா என் கணக்கு.

நீ அனுப்பின பட்டியலைப் படிச்சுக் காட்டினா. சிவப்பு மூடி பேனா ஒண்ணு. பழைய நாணயம் ஒண்ணு. கோழி இறகு ஒண்ணு. உருண்டைக் கல்லு ஒண்ணு. தெரியாத ஆளோட ஒரு செல்ஃபி. ஏலே, சிவப்பு மூடி பேனாவைத் தேடுறதுக்கா அறுநூறு கிலோமீட்டர் தாண்டி தேரிக்காட்டுக்கு வாரீய? உங்க மேசை டிராயரைத் திறந்தாப் போதாதா? கோழி இறகு கேக்க. கூண்டு அடைச்ச பொறவு இறகு எடுக்கப் போனா முழுக் கோழியும் சேந்துதான் வரும், அது தெரிஞ்சுதான் எழுதினியோ என்னமோ. உருண்டைக் கல்லுக்கு இந்தச் செம்மண்ணுல எங்கன போறது? தேரியில கல்லு கெடைச்சா அரசாங்கத்துக்கே தகவல் சொல்லணும். தெரியாத ஆளுன்னு இந்த ஊர்ல ஒருத்தனும் கிடையாது. நீங்கதாம்லே தெரியாத ஆளு. அவுக உங்களோட எடுத்துக்கிட்டா அது செல்ஃபி.

இந்த விளையாட்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு விசாரிச்சேன். அமெரிக்காவுல எல்சா மாக்ஸ்வெல்னு ஒரு அம்மா இருந்துருக்கா. பணக்காரங்களுக்கு விருந்து நடத்திக் குடுக்கதுதான் அவ சோலி. நூறு வருசத்துக்கு முந்தி, தின்னு செமிக்காத சீமாங்களை ராத்திரியில பட்டியலோட தெருவுக்கு விரட்டி விட்டது அவதானாம். 1936ல இதை வச்சு ஒரு சினிமாவே வந்துருக்கு, காட்ஃப்ரேன்னு ஒருத்தன் கதை. உன் தங்கச்சி போன்ல போட்டுக் காட்டினா. பட்டியல்ல ஒரு சாமான் "எல்லாரும் மறந்துபோன மனுசன்". பட்டும் வைரமுமா ரெண்டு பணக்காரப் பிள்ளைக குப்பைமேட்டுக்குப் போயி, அங்கன குடியிருக்கவன்ட்ட ஒருத்தி கேக்கா, அஞ்சு டாலர் தாரேன், என்கூட வாரியான்னு. ஏழைய ஒரு சாமானா எடுத்துட்டுப் போயிக் காட்டினா அதுக்கு மார்க்கு. நான் சிரிச்சுக்கிட்டே பாத்தேன். ஆச்சி சிரிக்கல. "அவனுக்குச் சோறு போட்டாளா?"ன்னு மட்டும் கேட்டா.

இன்னொண்ணும் கேட்டேன். சிகாகோவுல ஒரு பல்கலைக்கழகத்துப் பிள்ளைக 1987லேர்ந்து வருசா வருசம் மே மாசம் இதை நடத்துதாவளாம். முன்னூறு சாமான் வரைக்கும் பட்டியல் போகுமாம். 1999ல பட்டியல் எழுதின எவனோ ஒரு குசும்பன் "கொட்டகைக்குள்ள கட்டின அணு உலை ஒண்ணு"ன்னு எழுதிட்டான். ரெண்டு பயலுவ மெய்யாவே தோரியத்தை வச்சு ஒண்ணைச் செஞ்சு காட்டிட்டானுவ. தோரியம்னா என்ன தெரியுமா? நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல கெடக்க சங்கதிதான். இங்கன கூடங்குளத்துல உலைக்கு ஒப்பந்தம் போட்டது 1988, பத்திக்கிட்டது 2013. ரெண்டு பயலுவளையும் அப்பமே கூப்பிட்டு, பட்டியல்ல எழுதிக் குடுத்துருக்கலாம்.

சரி, சோலிக்கு வாரேன். உன் பட்டியலைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். நான் ஒண்ணு சொல்லுதேன், அதை வை. எல்லாம் நம்ம விளையிலயும் தோட்டத்துலயும் ராத்திரியில தானா இருக்க சாமான். நீ எதையும் கடையில வாங்கி ஒளிச்சு வைக்க வேண்டாம். பரிசு மட்டும் வாங்கினாப் போதும்.

முதல்ல இருவத்திரண்டு பேர் போனையும் வாங்கி, கருப்பட்டி வைக்க ஓலைப்பெட்டியில போட்டுக் கெட்டி ஆச்சிட்ட குடுத்துரு. அழுவாவ. அழட்டும். வெளிச்சம் படாம அரை மணி நேரம் இருந்தா கண்ணு தானா இருட்டுக்குப் பழகிரும். மரமும் வரப்பும் பைய பைய எழுந்து வரும். நடுவுல ஒருத்தன் மணி பாக்கேன்னு போனைத் தொறந்தா அம்புட்டும் போச்சு, திரும்ப அரை மணி. கூட்டத்துக்கு ஒரு டார்ச்சு. வாயில சிவப்புக் கண்ணாடித்தாளைக் கெட்டிக்கோ, அது கண்ணைக் கெடுக்காது. மணிக்கு என்ன செய்யன்னு கேப்பீய. ஆவணி மாசத்து வானம் எதுக்கு இருக்கு? பொழுது சாஞ்சதும் தென்மேக்க ஒரு தேளு கொடுக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கும், விருச்சிகம்னு சொல்லுதாவளே அது. அது மேக்க இறங்குற நேரத்துல கிழக்க ஆறாமீன் கொத்தா ஏறும். அப்ப மணி பதினொண்ணு வாக்குல. கிழக்கத்திப் பனைக்கு ஒரு முழம் மேல ஆறாமீன் வந்துட்டுன்னா எல்லாரும் திண்ணைக்குத் திரும்பணும்னு சொல்லிரு. பௌர்ணமி பக்கத்துல மட்டும் தேதி குறிக்காதே. நிலா வெளிச்சத்துல காதலிக்கலாம், தேட முடியாது.

பட்டியல்ல முதல் சாமான், வைரம் இருவது. கேட்ட உடனே உங்க மேனேஜர் எந்திரிச்சு நிப்பாரு, பாரு. சிவப்புத் தாளைக் கழட்டிட்டு, டார்ச்சை நெத்தியில பொட்டு வைக்க இடத்துல ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு, வெளிச்சம் போற வழியிலயே கண்ணை ஓட்டிப் புல்லைப் பாக்கச் சொல்லு. இடுப்புல வச்சா ஒண்ணும் தெரியாது. கண்ணுக்குப் பக்கத்துல வச்சாத்தான் தெரியும். புல்லுல அங்கங்க பச்சையும் வெள்ளையுமா பொடிப்பொடியா மின்னும். பனித்துளின்னு நெனைப்பாவ. கிட்ட போனா துளி நகரும். அம்புட்டும் சிலந்திக் கண்ணு. எண்ணிட்டு வந்தாப் போதும், பறிச்சுட்டு வர வேண்டாம். இதுக்குப் பொறவு ஒருத்தன் புல்லுல காலை வைக்க மாட்டேன்னு நிப்பான். அவனைத் திண்ணையில உக்கார வச்சுக் கணக்கெழுதச் சொல்லு. எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தானே கணக்கெழுத ஆள் எடுக்காவ.

ரெண்டாவது, ஆடு. வடக்கு விளையில கெடை போட்டிருக்காவ. தள்ளி நின்னு, கண்ணு மின்னுறதை வச்சு எத்தன ஆடுன்னு சொல்லணும். கெடைக்குள்ள போகக் கூடாது, சத்தம் போடக் கூடாது. ஆட்டுக் கண்ணு மின்னும், மாட்டுக் கண்ணு மின்னும், நாயும் பூனையும் மின்னும், மண்ரோட்டுல உக்காந்திருக்க பக்கிக் குருவி கண்ணு தீக்கங்கு கணக்கா மின்னும். பன்னிக்கு மின்னாது. மனுசனுக்கும் மின்னாது. அதனால கெடைக்காரரு ஓரத்துல சாக்கை விரிச்சுப் படுத்திருக்கது தெரியாம அவரை மிதிச்சிராதீய. மிதிச்சா அவரு வாய் மின்னும். நாலு கூட்டமும் கண்ணை எண்ணி ரெண்டால வகுத்துட்டு வந்து நிக்கும். எவன் கண்கணக்கை ரெட்டைப்படையில சொல்லுதானோ அவன் எண்ணல, குத்துமதிப்பா அடிச்சுவிட்டிருக்கான். கெடையில ஒரு வெள்ளாட்டுக்கு உடைமுள்ளு குத்தி ஒரு கண்ணு கிடையாது. ஒத்தைப்படையில சொல்லிட்டு, "தாத்தா, கணக்கு எங்கயோ இடிக்கு"ன்னு தலையைச் சொறியுதான் பாரு, அவனுக்கு மார்க்கைப் போடு. அவனுக்கே சம்பளத்தையும் கூட்டச் சொல்லு.

போன தடவை நீ ஊதா டார்ச்சு ஒண்ணு கொண்டாந்து வச்சுட்டுப் போனியே, துணியில கறை பாக்கதுன்னு. ஒருநாள் கரண்டு போனப்ப வேற டார்ச்சு கெடைக்காம அதைத் தூக்கிக்கிட்டுக் கொல்லைக்குப் போனேன். விறகுக் கட்டுல பச்சைநீலமா ஒண்ணு மின்னுச்சு. ஆச்சியோட பழைய கம்மல்தான், ஆம்பிட்டுட்டுன்னு கையை நீட்டப் போனேன். வால் இருந்துச்சு. தேளு தோலு அந்த வெளிச்சத்துல மின்னுமாம், செத்த தேளும் மின்னுமாம். சட்டை உரிச்ச புதுசு மட்டும் மின்னாது. அதனால மின்னலையேன்னு தைரியமா கையை விட்டுறாதீய. நம்ம பக்கத்துச் செந்தேளுக்கு 1798ல வெள்ளைக்காரன் வச்ச பேர்ல "தமுலுஸ்"னு ஒரு வால் ஒட்டியிருக்காம். தமிழுக்குச் செம்மொழிப் பட்டம் 2004லதான் குடுத்தாவ. தேளு முந்திக்கிட்டு.

விதி என்னன்னா, விறகுக் கட்டைச் சுத்தி எட்டி நின்னு தேளை எண்ணணும், எந்த மூலையில நிக்குன்னு படம் போட்டுக் காட்டணும். தொடக் கூடாது. அதே டார்ச்சை ஐநூறு ரூவா நோட்டுல அடிச்சா நம்பர் மின்னும். அதையும் ஒரு சாமானா சேத்துக்கோ, பரிசுப் பணம் நல்ல நோட்டான்னு எனக்கும் தெரிஞ்சிரும். மறுநா வெயில் ஏறின பொறவு, படத்தைப் பாத்துக்கிட்டே கையுறை மாட்டி, இடுக்கி வச்சு, அந்த விறகை மேக்கேர்ந்து கிழக்க மாத்தி அடுக்கணும். அது ரெண்டாவது சுத்து. (உன் தங்கச்சி என்னை ஒரு மாதிரி பாக்கா. விளையாட்டுன்னா ரெண்டு சுத்து இருக்காதா பிள்ள?)

தோட்டத்துல பூ. பகல்ல பூ தேடுறதுக்குச் சின்னப்பிள்ளை போதும். ராத்திரியில எது முழிச்சிருக்கு, எது உறங்குதுன்னு பாக்கணும். பூசணிப்பூ விடியத்தான் விரியும். பீர்க்கம்பூ பொழுது சாயத் தொறக்கும், மஞ்சளா. சுரைப்பூவும் அந்தியிலதான், தும்பையை விட வெள்ளையா. இருட்டுல வெள்ளை தெரிஞ்சு அந்துப்பூச்சி தேடி வரணுமே, அதுக்கு. முல்லை, மல்லி, பவழமல்லி எல்லாத்தையும் மூக்கால கண்டுபிடிக்கணும், டார்ச்சு கூடாது. உறங்குற இலை மூணு பாத்துட்டு வாங்கன்னு சொல்லு: புளி, அகத்தி, தூங்குமூஞ்சி. சோடி சோடியா கையைக் கூப்பிக்கிட்டு உறங்கும். பறிக்கக் கூடாது, பறிச்சுட்டு வந்தா ஆச்சி விளக்குமாத்தோட வருவா, ராத்திரி மரத்தைத் தொடுறது அவளுக்கு ஆகாது.

சுரைக்கு மட்டும் கொஞ்சம் சோலி இருக்கு. இந்த வருசம் கொடியில பூச்சி வரத்துக் கம்மி, பிஞ்சு வெம்பி வெம்பி விழுது. பொண்ணு பூவுக்கு அடியில குட்டிச் சுரைக்காய் இருக்கும், ஆம்பளப் பூ வெறும் காம்புல நிக்கும். ஆம்பளப் பூவை மட்டும் பறிச்சு, இதழை உரிச்சுட்டு, நடுவுல உள்ள பொடியைப் பொண்ணு பூவுக்குள்ள ஒத்தி எடுக்கணும், குழந்தைக்குப் பொட்டு வைக்க மாதிரி. கூட்டத்துக்குப் பத்து பூ. சரியா வச்சவனுக்கு மார்க்கு இப்ப கிடையாது. காய் பிடிச்ச பொறவு போன்ல சொல்லுதேன்.

பனம்பழத்துக்கு வாரேன். இதுதாம்லே தாய் விளையாட்டு. உங்க மாக்ஸ்வெல் அம்மா பிறக்குறதுக்கு முந்தியே நாங்க ஆடினது. ஆவணியில மரத்துல பழம் கறுத்து நிக்கும். ராத்திரி காத்துக்கு ஒண்ணு ஒண்ணா விழும். எங்க சின்ன வயசுல அஞ்சாறு பயலுவ விடிலித் திண்ணையில படுத்துக் கெடப்போம். படுத்துக் கெடப்போமே தவிர ஒருத்தனும் உறங்க மாட்டான், உறங்குற மாதிரி குறட்டை மட்டும் விடுவான். "தொப்"புன்னு ஒரு சத்தம். அஞ்சு குறட்டையும் ஒரேயடியா நிக்கும். அவனவன் இருட்டுக்குள்ள ஓடுவான். சத்தம் கேட்ட திசை எது, எத்தனாவது மரம், விழுந்தது மணல்லயா ஓலைக்குமியல்லயா, அம்புட்டையும் காதுதான் சொல்லணும். மரம் யாரோடதுன்னு கணக்கில்ல, விழுந்த பழம் எடுத்தவனுக்கு. காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்துச்சுன்னு பகல்ல கதை சொல்லிரலாம். ராத்திரி விழுறதுக்கு எந்தக் காக்கா மேல பழியைப் போட?

எங்க கூட்டத்துல ஒருத்தன் இருந்தான், பேர் வேண்டாம், இப்ப பெரிய மனுசன். அவன் ஓடவே மாட்டான். சாயந்தரமே உருண்டையா ஒரு மண்ணாங்கட்டியைக் கொண்டாந்து வச்சுக்குவான். நடுச்சாமத்துல அதைத் தெக்க தூக்கி எறிவான். "தொப்"புன்னு விழும். நாங்க நாலு பேரும் தெக்க ஓடுவோம். அவன் பைய எந்திரிச்சு வடக்க போயி, முந்தி விழுந்து கெடந்ததை எல்லாம் பொறுக்கிருவான். பின்னாடி அரசியலுக்குப் போயிட்டான்.

உங்க ஆளுவளைப் பனைமூட்டுக்கடியில நிக்க விடாதே. பழம் ஒண்ணு ஒரு கிலோவுக்கு மேல இருக்கும், அம்புட்டு உயரத்துலேர்ந்து வந்தா தலையில சட்டி கவுத்தியிருந்தாலும் சட்டியோட போயிரும். பத்து முழம் தள்ளி, கண்ணை மூடி உக்காந்து, சத்தம் கேட்டதும் கையைத் திசைக்கு நீட்டணும். பொறவு காத்து அடங்கினதும் சேந்து போயித் தேடணும். திசை சரியாச் சொன்னவனுக்கு மார்க்கு, எடுத்தவனுக்குப் பழம். பழத்துக்குள்ள மூணு கொட்டை இருக்கலாம், ரெண்டு இருக்கலாம், ஒண்ணே ஒண்ணும் இருக்கலாம். தூக்கிப் பாத்தே எத்தன கொட்டைன்னு சொல்லுதவனுக்கு என் வேட்டியவே குடுத்துருதேன். அங்கனயே ஓலையைக் கூட்டித் தீ போட்டுச் சுட்டுத் தின்னுங்க. நாரு பல்லுல மாட்டிக்கிடும், மஞ்சச் சாறு முழங்கை வரைக்கும் ஒழுகும், வாசம் மூணு நாளைக்கு விரல்ல இருக்கும். அப்படியே மீட்டிங்ல உக்காரட்டும்.

தின்னு முடிச்சுட்டுக் கொட்டையைத் தூர எறியக் கூடாது. கிணத்தடிப் பூழி மண்ணுல ஒரு பாத்தி வெட்டி வச்சிருக்கேன். அதுல வரிசையா அடுக்கிட்டு, மேல மண்ணைத் தள்ளி விடணும். தைப்பொங்கலுக்குக் கிழங்கு. அது யாருக்குன்னு இப்ப எதுக்குக் கேக்க?

அடுத்து நீ சொன்னியே, "சுடுகாட்டுல போயி ஒரு பிடி சாம்பல்"னு, தைரியம் பாக்கதுக்குன்னு. அதை மட்டும் எடுத்துரு. இந்த ஊர்ல ராத்திரி வேட்டைன்னா அது சுடலைமாட சாமிக்குத்தான். கொடை அன்னைக்கு நடுச்சாமத்துல சாமியாடி தீப்பந்தத்தோட மயானத்துக்கு வேட்டைக்குப் போவாரு. மேளம் நின்னு போகும். ஊர்ல ஒருத்தன் எட்டிப் பாக்க மாட்டான்.

நான் பாத்தேன். பதினாறு வயசு, கோட்டித்தனம். முட்டிக்காலு போட்டு உடைமரத்துப் பின்னால பின்னால போனேன். சாமி முன்னால போகுது, வல்லயத்துல மணி குலுங்குது, பந்தம் எரியுது. பாதி வழியில மணிச்சத்தம் நின்னுட்டு. எனக்கு உசிரு தொண்டையில. திரும்பாமலே சாமி கேட்டுச்சு, "எவம்லே அது?" நான் பேசல. பேச நாக்கு இல்ல. "வந்தது வந்துட்ட, இந்தப் பந்தத்தைப் பிடி. தோளு கழண்டுட்டு." நான் பிடிச்சேன். மயானத்து எல்லைக்கல்லு வரைக்கும் சுமந்தேன். அங்கன வாங்கிக்கிட்டு, "இனி திரும்பிப் பாக்காம போ"ன்னுச்சு. போனேன். பந்தத்து எண்ணெய் சொட்டின தழும்பு இன்னும் இடது கையில இருக்கு. அன்னையிலேர்ந்து சொல்லுதேன், இருட்டுல தானா வந்து மாட்டுறவனைச் சாமியே சும்மா விடல. நானா விடப்போறேன்?

யானை ஒண்ணு கொண்டாங்கன்னு ஒரு சாமான் வை. முழிப்பாவ. திண்ணை ஓரத்துல மழை படாத பூழி மண்ணுல சின்னச் சின்னதா புனல் மாதிரி குழி இருக்கும். அடியில குழியானை உக்காந்து எறும்புக்குக் காத்துக் கெடக்கும். பின்னால பின்னாலயே நடக்கிற பூச்சி. கையில ஏந்திக் காட்டிட்டு, அதே மண்ணுல விட்டுறணும். பின்னால நடக்கிற ஒண்ணை முன்னேத்தப் பயிற்சிக்கு வந்தவங்க கையில குடுத்தா எப்படி இருக்கும்னு எனக்கு ஒரு ஆசை.

இன்னொண்ணு, பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. படுக்கப் போறதுக்கு முந்தி ஒவ்வொரு கூட்டமும் தேரி மணல்ல ஒரு பாய் அகலத்துக்குக் கையால தடவி வழவழன்னு ஆக்கிட்டுப் போகணும். விடிஞ்சதும் வந்து வாசிக்கணும். வண்டு போன கோடு, ஓணான் வால் இழுத்த தடம், கீரிக் காலு. எழுதினவன் யாருன்னு சொல்லணும். வளைஞ்சு வளைஞ்சு கயிறு இழுத்த மாதிரி ஒரு தடம் இருந்தா, சத்தம் போடாம என்னைக் கூப்பிடு.

கயிறுன்னதும் ஞாபகம் வருது. ராத்திரியில நாங்க அதோட பேரைச் சொல்ல மாட்டோம், பூச்சிம்போம். விளையாட்டு இல்லாத பேச்சு இது, கேட்டுக்கோ. எல்லாரும் கணுக்காலு மூடின செருப்பு, முழுக்காலு சட்டை. ஆளுக்கொரு கம்பு, தட்டித் தட்டி நடக்கணும். பொந்துக்குள்ள, ஓலைக்குமியலுக்குள்ள ஒருத்தனும் கையை விடக் கூடாது. ஒருத்தரும் தரையில படுக்கக் கூடாது. கட்டுவிரியன் ராத்திரிதான் சுத்தும், கடிச்சா சில நேரம் வலியும் இருக்காது தடமும் இருக்காது. ஏதாவது ஒண்ணுன்னா மந்திரிக்க என்கிட்ட வராதே. 108க்குச் சொல்லிட்டு நேரா அரசாங்க ஆஸ்பத்திரி. கிணத்தைச் சுத்தி நான் கயிறு கெட்டி வெள்ளைத்துணி தொங்க விட்டுருதேன். பரிசுக்குன்னு எந்தச் சாமானையும் ஓடித் தேட வைக்காதே, நடந்து தேட வை.

கடைசிச் சாமான். இதைப் பட்டியல்ல அடியில, சின்ன எழுத்துல எழுது. "ஊர்ல ஏதாவது ஒரு வீட்டுல உப்பு ஒரு கை." பாத்ததும் சிரிப்பாவ. இம்புட்டுதானான்னு முதல்ல அதுக்குத்தான் போவாவ.

விளக்கு வச்ச பொறவு இந்த ஊர்ல ஒரு வீட்டுல உப்பு வாங்கிரு பாப்போம். உப்பு லட்சுமி. அந்திக்குப் பொறவு வாசல் தாண்டக் கூடாது. தயிரும் ஊசியும் அப்படித்தான், ஆனா உப்புக்கு உள்ள கட்டு எதுக்கும் கிடையாது. இல்லைன்னும் சொல்ல மாட்டாவ, இல்லைன்னு சொன்னா இல்லாமப் போயிருமாம். "விடியட்டும் தாயி"ம்பா ஒருத்தி. "அந்தா கெடக்கு பாரு கடை, இன்னேரம் பூட்டியிருப்பான்"ம்பா இன்னொருத்தி. மூணாவது வீட்டு மைனி, யாரு பெத்த பிள்ள, எந்த ஊரு, கல்யாணம் ஆச்சான்னு எல்லாம் கேப்பா, உக்காரச் சொல்லுவா, உப்பு மட்டும் காதுல விழாது. உங்க ஹெச்.ஆர். அம்மா எம்.பி.ஏ. படிச்சதை எல்லாம் போட்டுப் பேசிப் பாக்கட்டும். ரூவா நீட்டினா இன்னும் மோசம். உப்புக்கு விலை பேசினவன்னு ஊரு பூராவும் ஆறு மாசம் சொல்லும்.

வழி ஒண்ணு இருக்கு. உனக்கு மட்டும் சொல்லுதேன், நீ நடத்துறவன், ஆடுறவன் இல்ல. உப்பைக் கேக்கவே கூடாது. வாசல்ல நின்னு, "பெரியம்மை, பசிக்கு"ன்னு சொல்லணும். அம்புட்டுதான். எந்த வீடா இருந்தாலும் அந்த நேரத்துல பானையில ரெண்டு அகப்பை சோறு கெடக்கும், இல்லைன்னா காலையிலக்குன்னு வச்ச நீச்சத்தண்ணி கெடக்கும். "வாசல்லயா நிக்க, உள்ள வாடே"ன்னு இழுத்து உக்கார வச்சிருவாவ. ரசம் ஊத்துவாவ, ஊறுகாய் வப்பாவ. உப்பு சோத்துக்குள்ள தானா வந்துரும். வாசலையும் தாண்டாது, வயித்துக்குள்ளயும் வந்துட்டு. திண்ணைக்குத் திரும்பி வந்து சாட்சி கேட்டா, ஆச்சி கையை மோந்து பாத்து எந்த வீட்டு ரசம்னு சொல்லிருவா. அதுல அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்தச் சினிமாவுக்காரிக்கு இது தெரிஞ்சிருந்தா அஞ்சு டாலர் மிச்சமாயிருக்கும்.

என் பட்டியல் முடிஞ்சுது. இனி உனக்கு ஒரு பட்டியல். ராத்திரி தேட வேண்டாம், பகல்லயே கெடைக்கும். எனக்கு மூக்குப்பொடி ரெண்டு டப்பா. ஆச்சிக்கு முட்டிவலித் தைலம், பச்சை மூடி உள்ளது, நீலம் வேண்டாம். ஊதா டார்ச்சுக்கு பேட்டரி. விறகு அடுக்கக் கையுறை, பெரிய கையளவுல இருவத்திரண்டு சோடி. அப்புறம் உப்பு ரெண்டு பாக்கெட்டு, நம்ம வீட்டுல தீந்து போச்சு. பஸ்ஸை வழியில அங்கங்க நிறுத்திக்கிட்டுக் கெடக்காதே. விளக்கு வைக்கதுக்கு முந்தி வந்து சேரு.